பூமிச் சூட்டில் கரண்டு: ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரியபட்டினம் பக்கம் சொந்த ஊர். பதினெட்டு வருஷம் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு ரிக்கில் வேலை, நடுவில் இரண்டு வருஷம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு புவிவெப்ப ரிக்கில். விஞ்ஞானி இல்லை, துளை போடுகிற ஆள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு தேசிய புவிவெப்ப எரிசக்திக் கொள்கையை வெளியிட்டதற்கு அப்புறம், "ராமநாதபுரத்துக்கு அடியில் கரண்டு இருக்காமே" என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எரிமலை இல்லாத ஊர்ல பூமிக்கடியில சூடு எங்கிருந்து வருது?

எரிமலை இருந்தால் சூடு மேலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் ஆழத்தில் கிடைக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். பூமிக்குள் எங்கே இறங்கினாலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 25 முதல் 30 டிகிரி ஏறிக்கொண்டே போகும். பூமி உருவான காலத்துச் சூடு கொஞ்சம், பாறைக்குள் இருக்கிற யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மாதிரியான தனிமங்கள் சிதையும்போது வருகிற சூடு மிச்சம். ஐஸ்லாந்து, கென்யா, இந்தோனேசியா மாதிரி இடங்களில் பாறைக்குழம்பு மேலே வந்து நிற்பதால் ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே 250, 300 டிகிரி கிடைத்துவிடும். ஐஸ்லாந்தில் கிராஃப்லா என்ற இடத்தில் 2009-ல் துளை போட்டுக்கொண்டே போனவர்கள் இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் உருகிய பாறைக்குழம்புக்குள்ளேயே பிட்டை, அதாவது துளைக்கிற முனையை, விட்டுவிட்டார்கள். நமக்கு அந்தப் பாக்கியமும் இல்லை, அந்தப் பயமும் இல்லை.

இந்தத் தொழில் புதுசும் இல்லை. இத்தாலியில் லார்டரெல்லோ என்ற ஊரில் 1904-லேயே நிலத்திலிருந்து வந்த நீராவியை வைத்து ஐந்து பல்பு எரித்துக் காட்டினார்கள். அங்கே இன்றைக்கும் மின்சாரம் எடுக்கிறார்கள்.

ராமேஸ்வரம் அக்கினி தீர்த்தம் இதுக்கு அடையாளம்தானே?

இல்லை. பேர்தான் அக்கினி, தண்ணி கடல் தண்ணி. மார்கழி விடியற்காலையில் முங்கிப் பாருங்கள், புரியும். நம் கரையோரத்தில் கொதிநீர் ஊற்று கிடையாது. கொதிநீர் ஊற்று வேண்டுமென்றால் லடாக்கில் பூகா, இமாச்சலில் மணிகரண், சத்தீஸ்கரில் தத்தாபானி என்று போக வேண்டும்.

சரி, நம்ம ஊர்ல மூணு கிலோமீட்டர் இறக்கினா கரண்டு வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லு.

ஒரே வார்த்தையில் சொன்னால் "வரும்". ஆனால் அந்த வார்த்தையை நம்பி யாரும் இடம் வாங்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கணக்கையும் சொல்கிறேன்.

மேலே 29 டிகிரி, கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று கிலோமீட்டரில் 120 டிகிரி சுற்றி வரும். அந்தச் சூட்டுத் தண்ணீர் நீராவி டர்பைனை நேராகச் சுற்றாது, அதற்கு ஏறக்குறைய 180 டிகிரிக்கு மேல் வேண்டும். 120 டிகிரிக்கு பைனரி என்கிற முறை இருக்கிறது. பென்டேன் மாதிரி குறைந்த சூட்டிலேயே கொதிக்கிற ஒரு திரவத்தை இந்தத் தண்ணீரால் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் டர்பைனைச் சுற்றுவார்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரு குழாயில் வந்து சூட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு கிணறு வழியாகத் திரும்பக் கீழே போய்விடும்.

இப்போது கிணற்றிலிருந்து நொடிக்கு 50 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசான அளவு இல்லை, 12,000 லிட்டர் தண்ணி லாரி நாலு நிமிஷத்தில் நிரம்பிவிடும். அதை 120-லிருந்து 70 டிகிரிக்கு ஆறவிட்டால் கிடைக்கிற வெப்பம் பத்தரை மெகாவாட். அதில் ஒன்பது சதவீதம்தான் மின்சாரமாகும், 0.9 மெகாவாட். அடியிலிருந்து தண்ணீரை ஏற்றுகிற பம்பே அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சம் 0.6 மெகாவாட். நம் வழுதூர் எரிவாயு மின்நிலையம் 187 மெகாவாட். அதற்கு ஈடுகட்ட இந்த மாதிரி 300 ஜோடிக் கிணறு வேண்டும்.

"அலாஸ்காவில் 74 டிகிரித் தண்ணியிலேயே கரண்டு எடுக்குறானே" என்று என் மருமகன் கேட்டான். இன்ஜினியரிங் படிக்கிறான், யூடியூபில் பார்த்திருக்கிறான். உண்மைதான், சேனா என்ற இடத்தில் 2006-லிருந்து எடுக்கிறார்கள். ஆனால் அங்கே ஆறவைக்க நாலைந்து டிகிரித் தண்ணீர் சும்மா கிடைக்கிறது. மின்சாரம் சூட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியிலிருந்து வருகிறது. சித்திரை மாதம் கீழக்கரையில் ஆறவைக்கக் குளிருக்கு எங்கே போவது?

போர் போடுற மாதிரிதானே மாமா இதுவும்?

அதே மாதிரிதான், ஆனால் காசில் சைபர் கூட.

நம் ஊரில் போர் போடுகிற அனுபவம் எல்லோருக்கும் உண்டு. நீரோட்டம் பார்க்க ஒருவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார், ரிக் வண்டி வரும், அடிக்கணக்கில் காசு ஏறும், முந்நூறு அடி தாண்டியும் வெறும் புகை பறந்தால் வீட்டம்மா முகத்தைப் பார்க்க முடியாது. கிடைத்தாலும் உப்பா நல்ல தண்ணியா என்று நாக்கில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். புவிவெப்பத் திட்டத்தின் மொத்தக் கஷ்டமும் இதுதான். தேங்காய்க்குப் பதில் நிலத்தின் மின்தடையை அளக்கிறது, அதிர்வலை அனுப்பிப் பார்க்கிறது என்று நல்ல கருவிகள் வந்துவிட்டன. என்றாலும் அடியில் என்ன இருக்கிறது என்பதைத் துளை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அந்தத் துளை ஒன்றுக்கு உலக அளவில் 50 லட்சம் முதல் ஒரு கோடி டாலர் வரை ஆகும். நம் காசில் நாற்பது கோடிக்கு மேல், எண்பது கோடியும் தாண்டலாம். புது இடத்தில் போடுகிற முதல் கிணறுகளில் ஏறக்குறைய பாதிதான் உருப்படியாக அமையும். நாலைந்து கிணறு போட்டு இடத்தின் போக்குப் பிடிபட்ட பிறகு இந்தக் கணக்கு நன்றாகத் தேறிவிடும், ஆனால் அதுவரைக்கும் கையில் காசு நிற்க வேண்டுமே.

"கிணறு ஃபெயில்" என்றால் சூடு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் வேலை பார்த்த அந்த ஆப்பிரிக்க இடத்தில் ஒரு கிணறு. 2,000 மீட்டர் தாண்டியதும் தெர்மாமீட்டர் 230 டிகிரி காட்டியது. கேம்ப் முழுக்கச் சந்தோஷம், அன்றைக்கு ராத்திரி ஆடு வெட்டினார்கள். அப்புறம் கிணற்றைத் திறந்து பாயவிட்டுப் பார்த்தால் ஊதியது, இளைத்தது, நின்றது. பாறை நல்ல சூடு, ஆனால் அதில் தண்ணீர் ஓட வெடிப்பில்லை. அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிறது, உலையில் தண்ணி இல்லை. அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டார்கள், அதில் வெடிப்பு நிறைய இருந்தது, துளைக்கும்போது உள்ளே செலுத்துகிற மட் என்ற சேறு முழுவதும் அதற்குள்ளேயே போய்விட்டது, குழாய் சிக்கி மூன்று வாரம் மீன்பிடித்தோம். மீன்பிடித்தோம் என்றால் கடல் மீன் இல்லை, அடியில் உடைந்து கிடக்கிற இரும்பைக் கொக்கி போட்டு எடுப்பதற்கு ரிக்கில் அப்படித்தான் பேர். ஒரு நாள் ரிக் வாடகை என்னவென்று தெரிந்தால் உங்களுக்குத் தூக்கம் வராது.

எனவே சூடு, தண்ணீர், தண்ணீர் ஓட வழி, இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றுசேர வேண்டும். சேர்ந்தாலும் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பும் சிலிக்காவும் குழாயில் படியாமல் இருக்க வேண்டும். நம் வீட்டு ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான், கொஞ்ச நாளில் குழாயின் பாதி வாயை அடைத்துவிடும்.

அப்ப வெறுங்கிணறா போச்சுன்னா அந்த நஷ்டம் யார் தலையில விடியும்?

என்னைக் கேட்டால், கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எத்தனை மெகாவாட், எத்தனை டிகிரி எல்லாம் இதற்கு அப்புறம்.

பேங்க் தராது. கிணறு அமைந்த பிறகு டர்பைன் வாங்கக் கடன் தரும், முதல் துளைக்குத் தராது, ஏனென்றால் அடமானமாகப் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. தனியார் கம்பெனி சொந்தக் காசைப் போட வேண்டும், போட்டால் பின்னால் கரண்டு விலையில் அதை ஏற்றித்தான் எடுக்கும். அதனால் இந்தத் தொழில் வளர்ந்த நாடுகளில் எல்லாம் முதல் துளையின் பயத்தை யாராவது ஒருவர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் 1960களிலிருந்து அரசு நிதியிலிருந்து துளை போடக் கடன் தருவார்கள், கிணறு அமையாவிட்டால் அந்தக் கடனைத் தள்ளிவிடலாம். பிரான்சில் 1980களின் தொடக்கத்திலேயே இதற்கென்று ஒரு உத்தரவாத நிதி வைத்தார்கள். பாரிசைச் சுற்றி பூமிச் சூட்டில் வீடுகளைக் கதகதப்பாக்குவது அந்த நிதியின் தயவில் வளர்ந்ததுதான். கென்யாவில் 2008-ல் அரசே ஒரு கம்பெனி ஆரம்பித்து, துளை போடுகிற வேலையையும் நஷ்டத்தையும் தானே ஏற்றுக்கொண்டு, நீராவியை மட்டும் தனியாருக்கு விற்கிற ஏற்பாடு செய்தது. இன்றைக்கு அந்த நாட்டு மின்சாரத்தில் நாற்பது சதவீதம் போல பூமிச் சூட்டிலிருந்து வருகிறது.

நம்மோடு ஒப்பிட நல்ல உதாரணம் ஜெர்மனியில் மியூனிக் பக்கம் உன்டர்ஹாகிங் என்ற ஊர். அங்கே எரிமலை இல்லை, நம்மைப் போல் படிவுப்பாறைதான். கிணறு அமையாவிட்டால் பணம் தருகிற மாதிரி ஒரு தனியார் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டுத்தான் துளை போட்டார்கள், அந்த வகையில் முன்னோடி. 3,350 மீட்டரில் 122 டிகிரி, நொடிக்கு 150 லிட்டர். நான் மேலே போட்ட கணக்கைப் போல் மூன்று மடங்கு தண்ணீர், ராஜயோகம். 2009-லிருந்து மூன்று மெகாவாட் சொச்சத்துக்கு மின்நிலையம் ஓடியது. ஆனால் பிறகு அந்த மின்நிலையத்தை நிறுத்திவிட்டு, வெப்பத்தை மட்டும் வீடுகளுக்குக் குழாயில் கொடுக்கிறார்கள். அதே 120 டிகிரிதான் நமக்கும், ஞாபகம் இருக்கட்டும்.

நஷ்டத்தைச் சுமக்க இவ்வளவு பேர் இருந்தும் கணக்கில் வராத ஒருவர் உண்டு, அந்த ஊர்க்காரர். கம்பெனி போய்விட்டால் மூடாத கிணறும் காயாத சேற்றுக்குட்டையும் அவர் வயலில்தான் கிடக்கும். இதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தியாவில் எங்கேயாவது ஓடுகிறதா?

வணிக அளவில் இல்லை. மணிகரணில் 1990களின் தொடக்கத்தில் 5 கிலோவாட்டுக்கு ஒரு சோதனை நடந்தது, தெலங்கானாவில் மணுகூரு பக்கம் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் 20 கிலோவாட்டுக்கு ஒன்று செய்தது. பெரிய நம்பிக்கை பூகாதான். 14,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிற பள்ளத்தாக்கு, அங்கே ஒரு மெகாவாட் முன்னோடித் திட்டத்துக்கு 2021-ல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது. 2022-ல் துளை போடும்போது அடியிலிருந்த திரவம் வெளியேறிப் பக்கத்து ஓடையில் கலந்ததால் அப்போது வேலை நின்று போனது. வருஷத்தில் சில மாதம்தான் அங்கே வேலையே செய்ய முடியும், அதனால் ஒரு தடங்கல் என்றால் ஒரு வருஷம் போய்விடும்.

நம்ம பக்கம் எரிவாயு எடுத்த பழைய கிணறு இருக்கே, அதுலயே சுடுதண்ணி எடுக்கலாமே? தோண்டுற செலவு மிச்சம்.

நல்ல கேள்வி, கேட்டவர் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார், காசுக் கணக்குத் தெரிந்தவர். புதுக் கொள்கையிலும் கைவிட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. இதில் எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம்.

நம்பிக்கை ஏனென்றால், எந்த ஆழத்தில் என்ன பாறை, எத்தனை டிகிரி என்ற விவரம் அந்தக் கிணறுகளின் பதிவேட்டிலேயே இருக்கும். முதல் துளையின் பயத்தில் பாதி இந்தப் பதிவேட்டைப் புரட்டினாலே போய்விடும். என் வரையில் பழைய கிணற்றின் பெரிய சொத்து அந்தக் காகிதம்தான், துளை இல்லை.

துளை மேல் சந்தேகம் ஏனென்றால், எரிவாயுக் கிணற்றின் கடைசிக் குழாய் ஐந்தரை அங்குலம், ஏழு அங்குலம் என்று ஒல்லியாக இருக்கும். வாயுவுக்கு அது போதும். நொடிக்கு 50 லிட்டர் தண்ணீர் ஏற்றவும், அதற்கேற்ற பெரிய பம்பை உள்ளே இறக்கவும் அது பத்தாது. ஸ்ட்ரா போட்டுக் குளத்தை இறைக்கிற மாதிரி. குழாய் துருப்பிடித்திருக்கும், வெளிப்பக்கச் சிமெண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், குழாயில் ஓட்டை போட்டிருப்பது வாயு அடுக்கில், நமக்கு வேண்டிய தண்ணீர் அடுக்கில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அது வாயு இருக்கிற நிலம். தண்ணீருக்குத்தான் போகிறோம் என்று அசட்டையாக இருக்க முடியாது. வாயு திடீரென்று முட்டிக்கொண்டு வந்தால் கிணற்று வாயை அடைக்கிற பிஓபி கருவி தயாராக இருக்க வேண்டும்.

ஒரு கிணற்றுக்குள் குழாய்க்குள் குழாய் விட்டுத் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை மட்டும் வாங்கி வருகிற முறையும் இருக்கிறது. பாதுகாப்பானது, ஆனால் கிடைக்கிற சூடு சொற்பம். ஒரு கருவாட்டுக் கொட்டகைக்கு ஆகும், ஊருக்கு ஆகாது.

நிலநடுக்கம் வரும்னு சொல்றாங்களே?

வந்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அடியில் 2006 டிசம்பரில் சூட்டுப் பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் உடைத்தபோது 3.4 அளவில் அதிர்ந்தது, திட்டத்தையே கைவிட்டார்கள். தென் கொரியாவில் பொஹாங்கில் 2017 நவம்பரில் 5.4, கட்டடங்கள் இடிந்தன, பலர் காயப்பட்டார்கள். புவிவெப்பக் கிணற்றில் செலுத்திய தண்ணீர்தான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த குழுவே 2019-ல் சொன்னது. இரண்டுமே வறண்ட கடினப் பாறையில் வெடிப்பே இல்லாத இடத்தில் அழுத்தம் கொடுத்து வெடிப்பு உண்டாக்கின திட்டங்கள். இயற்கையாகவே தண்ணீர் ஓடுகிற மணற்பாறையிலிருந்து எடுத்து அதிலேயே திரும்ப விடுவதில் அந்த அளவு ஆபத்து இல்லை. அதனால் கம்பெனிக்காரர் வந்தால் "பாறையை உடைப்பீர்களா, இருக்கிற தண்ணீரை எடுப்பீர்களா" என்று கேளுங்கள். உடைப்போம் என்றால் அது வேறு கதை.

ஜெர்மனியில் ஸ்டாஃபன் என்ற சின்ன ஊர்க் கதை இன்னும் விசித்திரம். நகராட்சிக் கட்டடத்தைச் சூடாக்க 2007-ல் வெறும் 140 மீட்டருக்குத் துளை போட்டார்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் அன்ஹைட்ரைட் என்ற பாறைக்குள் ஏறி, அது ஜிப்சமாக மாறி ஊதி, பழைய ஊரே மேலே எழும்ப ஆரம்பித்து 250 வீடுகளுக்கு மேல் விரிசல் விட்டது. ஆழம் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

குடிதண்ணி? ஏற்கெனவே உப்பு. இருக்கிறதும் போயிருமா?

கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பின ஊர்க்காரர்கள் நாம், இந்தப் பயம் நியாயமான பயம். மணல் மேட்டுக்கு அடியில் மழைத் தண்ணீர் மெல்லிய ஏடாக உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பாலுக்கு மேல் ஆடை மாதிரி. அதைக் குத்திக்கொண்டுதான் எந்த ஆழ்கிணறும் கீழே போக வேண்டும்.

பாதுகாப்பு எங்கே என்றால், மேல் பகுதிக் கேசிங் குழாயிலும் அதைச் சுற்றி ஊற்றுகிற சிமெண்டிலும். நல்ல தண்ணீர் அடுக்கு முடிந்து நன்றாகக் கீழே போகும் வரை முதல் குழாயை இறக்கி, அடியிலிருந்து தரை மட்டம் வரை இடைவெளி விடாமல் சிமெண்ட் நிரப்பி, அது பிடித்ததா என்று கருவி இறக்கிப் பார்த்து, அப்புறம்தான் மேற்கொண்டு துளைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அடித் தண்ணீரும் மேல் தண்ணீரும் சந்திக்கவே சந்திக்காது. அவசரத்தில் செய்தால் சந்திக்கும். நான் ரிக்கில் பார்த்த வரையில் தப்புகள் அறிவுக் குறைவால் நடப்பதில்லை, நாள் வாடகை ஓடுகிறதே என்ற பதைப்பில் நடக்கின்றன. சிமெண்ட் இறுக வேண்டிய நேரத்தைப் பாதியாக்கி வேலையைத் தொடரச் சொன்ன ஒரு மேற்பார்வையாளரோடு நானே ஒருதரம் சண்டை போட்டிருக்கிறேன், அடுத்த மாசம் என்னை வேறு ரிக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்று, மேலே வந்த சுடுதண்ணீர் எங்கே போகிறது என்பது. அதில் உப்பு மட்டும் இல்லை, போரான், சில இடங்களில் ஆர்சனிக் கூட இருக்கும். போரான் கொஞ்சம் கூடினாலே மிளகாய்ச் செடி இலை ஓரம் கருகிவிடும், முண்டு மிளகாய்க்கு புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிற மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கண்மாயிலோ ஓடையிலோ விடவே கூடாது. எடுத்த அவ்வளவும் இன்னொரு கிணறு வழியாக அதே ஆழத்துக்குத் திரும்பப் போக வேண்டும்.

கடலுக்குள்ள விட்டா என்ன? கடல்தான் பெருசாச்சே.

மன்னார் வளைகுடாவில் 21 தீவு, அதைச் சுற்றிப் பவளப்பாறை, 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வெயில் கூடினாலே பவளம் வெளுத்துப் போகிறது, அதன் மேல் சுடுதண்ணியா? பாசி எடுக்கிற பெண்களிடம் போய் இந்த யோசனையைச் சொல்லிப் பாருங்கள்.

விஷவாயு வருமா?

வரலாம். ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். 2021 ஜனவரியில் சுமத்ராவில் சோரிக் மராப்பி என்ற இடத்தில் கிணற்றைத் திறந்தபோது இந்த வாயு ஊருக்குள் இறங்கி ஐந்து பேர் செத்துப்போனார்கள். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து. கிணற்றைத் திறக்கிற நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களை முன்கூட்டியே நகர்த்த வேண்டும், எச்சரிக்கைக் கருவி ரிக்கில் மட்டும் இல்லாமல் ஊர் எல்லையிலும் வேண்டும்.

எடுத்துக்கிட்டே இருந்தா தீர்ந்திடாதா?

சூடு சீக்கிரம் தீராது, தண்ணீரும் அழுத்தமும் தீரும். கலிபோர்னியாவில் தி கெய்சர்ஸ் என்ற இடம், உலகத்திலேயே பெரியது, 1980களில் ஆளாளுக்கு மின்நிலையம் கட்டி ஏறக்குறைய 2,000 மெகாவாட் வரை போனார்கள். நீராவி அழுத்தம் சரிய ஆரம்பித்துவிட்டது. ஒரே கண்மாயில் ஊரெல்லாம் மோட்டார் போட்டால் என்ன ஆகுமோ அதுதான். 1997-லிருந்து பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்து அடியில் செலுத்தித்தான் சமாளிக்கிறார்கள். நியூசிலாந்தில் 1958-ல் தொடங்கின வைராக்கேயில் தண்ணீரைத் திரும்ப விடாமல் எடுத்ததால் ஒரு பகுதியில் தரையே 14 மீட்டர் போல இறங்கிவிட்டது. பனைமரத்தில் முக்கால் மரம்.

கமுதியில இவ்வளவு சோலார் இருக்கும்போது இது எதுக்கு?

மின்சாரத்துக்கு மட்டும் என்றால், எதற்கும் இல்லை. கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரியத் தகடு வந்துவிட்டது. சூரியன் உதிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அதனால் பேங்க் கடன் கொடுக்கிறது. பூமிச் சூட்டுக்கு இருக்கிற ஒரே பெருமை ராத்திரியும் மழைக்காலமும் நிற்காமல் வரும் என்பது.

அப்ப நம்ம ஊருக்கு இதனால பிரயோஜனமே இல்லையா அண்ணே?

இருக்கிறது. ஆனால் கரண்டு என்ற வார்த்தையைக் கொஞ்சம் மறக்க வேண்டும். நம் கரையில் கரண்டை வாங்கி என்ன செய்கிறோம்? ஐஸ் போடுகிறோம், உப்புத் தண்ணியைச் சுத்தம் பண்ணுகிறோம். இரண்டையும் நேராகச் சூட்டை வைத்தே செய்யலாம்.

சூட்டில் ஐஸா என்று சிரிப்பீர்கள். அந்தக் காலத்து மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ் ஞாபகம் இருக்கிறதா, விளக்குச் சுடரில் குளிர்ந்ததே, அதே சூத்திரம்தான். அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த கரைசலைச் சூடுபடுத்திப் பிரித்துத் திரும்பச் சேர்ப்பது. முன்னால் சொன்ன அலாஸ்கா சேனாவில் கோடையிலும் உருகாமல் ஒரு பனிக்கட்டி மண்டபத்தையே சுடுதண்ணீரை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நம் 50 லிட்டர் கிணற்றில் 120-லிருந்து 95 டிகிரி வரை மட்டும் இதற்கு எடுத்தால் ஐந்து மெகாவாட் சொச்சம் வெப்பம், பாதி குளிராக மாறினாலும் இழப்பெல்லாம் கழித்து நாளைக்கு 300 டன் ஐஸ். மிச்சம் 95 டிகிரித் தண்ணீர் கையில் இருக்கிறது. கடல் தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் படிப்படியாகக் காய்ச்சி வடிக்கிற முறைக்கு 70 டிகிரி போதும், அந்த மிச்சச் சூட்டில் காகிதக் கணக்கில் நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் வரும். லட்சத்தீவில் கவரத்தியில் 2005-லிருந்து கடலின் மேல் தண்ணீருக்கும் அடித் தண்ணீருக்கும் இருக்கிற சூட்டு வித்தியாசத்தை மட்டுமே வைத்து நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கிறார்கள், அதோடு பார்த்தால் நம் சூடு பெரிய சொத்து. அதற்கும் கீழே 60 டிகிரியில் மிச்சம் இருந்தால் மழைக்காலத்தில் கருவாடு காயவைக்கலாம், ஐப்பசி கார்த்திகையில் புழுத்து வீணாகிற சரக்குக்கு ஒரு வழி.

இதிலும் முதல் கிணற்றுப் பயம் அப்படியே இருக்கிறது, பம்புக்குக் கரண்டு வெளியிலிருந்து வாங்க வேண்டும், உப்புக் காற்று எல்லாத் தகட்டையும் தின்னும். ஆனால் 0.6 மெகாவாட் கரண்டுக்காக எண்பது கோடியைப் புதைப்பதைவிட இது பரவாயில்லை என்பது என் கணக்கு.

பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

துளை போடுகிற சில மாதம் காவலுக்கும் வண்டிக்கும் சமையலுக்கும் ஆள் எடுப்பார்கள். ரிக் ஆட்கள் வெளியிலிருந்து வருவார்கள், என்னை மாதிரி. நிலையம் ஓட ஆரம்பித்தால் ஷிஃப்டுக்கு நாலைந்து பேர். ஐஸும் குடிதண்ணீரும் வந்தால் அதைச் சுற்றி வேலை வரலாம்.

நாளைக்கே ஒரு கம்பெனி வந்து ஊர்க்கூட்டம் போட்டா என்ன கேக்கணும்?

கோபப்படுவதற்கு முன்னால் காகிதம் கேளுங்கள். துளை போடுவதற்கு முன்பே சுற்று வட்டாரத்து ஊற்று, கிணறு, கண்மாய்த் தண்ணீரை வெளி ஆய்வகத்தில் சோதித்து அந்த அறிக்கையில் ஒரு நகல் பஞ்சாயத்தில் இருக்க வேண்டும். இது இல்லையென்றால் பின்னால் தண்ணீர் கெட்டாலும் "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், நம்மிடம் மறுத்துப் பேச ஒரு எழுத்தும் இருக்காது. அப்புறம், மேல் கேசிங் எத்தனை மீட்டர், சிமெண்ட் சோதனை அறிக்கை யாரிடம் கிடைக்கும், மட் சேற்றை எங்கே கொட்டுவார்கள், குட்டைக்கு அடியில் விரிப்பு உண்டா, கார்த்திகை மழையில் அந்தக் குட்டை நிரம்பி வழிந்தால் எந்தப் பக்கம் ஓடும். 1964 டிசம்பர் தனுஷ்கோடியை நினைவில் வைத்துக்கொண்டு, புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்தில் கிணற்றைப் பத்திரமாக மூடிவிட்டு ஆளை இறக்குவீர்கள் என்றும் கேளுங்கள்.

கடைசியாக, கிணறு அமையாவிட்டால் மூடுகிற செலவு. அடியிலிருந்து மேல் வரை சிமெண்ட் அடைப்பு வைத்து, குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, நிலத்தைச் சமன்படுத்தித் தர வேண்டும். அதற்கான பணத்தைத் துளை போடுவதற்கு முன்பே வைப்புத்தொகையாகக் கட்டச் சொல்லுங்கள், பிறகு தருகிறோம் என்றால் நம்பாதீர்கள், நஷ்டப்பட்ட கம்பெனியிடம் பிறகு என்ன இருக்கும்? டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக 2020-ல் சட்டம் போட்டார்கள், அதில் நம் மாவட்டம் இல்லை. அதனால் இதையெல்லாம் நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

என் தோட்டத்து போர்ல தண்ணி சூடா வருது. யார்கிட்டயாவது சொல்லலாமா?

மாசத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். முதலில் டேங்கில் பார்க்காதீர்கள், வெயிலில் கிடக்கிற கறுப்புக் குழாயிலும் பார்க்காதீர்கள். விடியற்காலையில் மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, போர் வாயிலேயே தெர்மாமீட்டரை வையுங்கள். 200 அடி போரில் 30, 31 டிகிரி வந்தால் அது சாதாரணம், 1,000 அடி போரில் 37, 38 வந்தாலும் சாதாரணம்தான். 200 அடியில் 40 காட்டினால் எனக்குச் சொல்லுங்கள், நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்று சேர்த்து எழுதி வையுங்கள். போன தடவை ஒருவர் 39 டிகிரி என்று சொல்லி வரவழைத்தார், போய்ப் பார்த்தால் போர் 1,100 அடி.